ஒன்றரைப் புள்ளிக்கு ஓர் அறை

கடலோரத்தில் மூன்று நாள் தங்குவதற்கு ஓர் ஓட்டலைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். முதலில், கடலோரத்தில் போய் எதற்குத் தங்க வேண்டும் என்பதற்கே எங்கள் தெருவில் காரணம் சொல்லி மாளாது. நேர்த்திக்கடன் என்றால் சரி. தர்ப்பணம் என்றால் சரி. சும்மா பார்க்கப் போகிறோம் என்றால், வீட்டில் என்ன சண்டை என்று கேட்பார்கள்.

நான் அப்போது உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். வீட்டில் மூன்று பேர்: நான், கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்த என் மனைவி, என் ஆத்தா. எங்களில் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும் கூப்பிடுவோம். அப்பச்சி இறந்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. வாழ்ந்த காலத்தில் முப்பது வருஷம் அவர் மலாயாவில் கடை பார்த்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி வருவார், சில மாதம் இருப்பார், மறுபடி கப்பல் ஏறிவிடுவார். "ஒங்க வீட்டுக்காரக எங்க?" என்று யார் கேட்டாலும் ஆத்தாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"கப்பல்ல போயிருக்காக."

அவர் பினாங்குக் கடையில் போய் உட்கார்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஆத்தாவைப் பொறுத்தவரை கப்பலில்தான் இருந்தார். சின்ன வயதில் நானும் அப்படியே நம்பி, என் அப்பச்சி கப்பல் ஓட்டுகிறவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

இத்தனை தடவை அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த கடலை ஆத்தா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கடற்கரை ஊரான தொண்டிக்கு பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆனால் கடலுக்கு வழியனுப்பப் போவது ஆம்பிளைகளின் வேலையாக இருந்தது. பெண்கள் வாசல்வரை வருவார்கள். கடைசியில் அவர் அஸ்தியை ராமேசுவரத்தில் கரைக்கப் போனதும் நானும் பங்காளிகளும்தான். அன்றைக்கும் ஆத்தா வாசலோடு நின்றுகொண்டாள்.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், காப்பியோடு கூடவே இந்தச் செய்தியையும் என் மனைவி கொண்டுவந்து வைத்தாள்.

"அயித்தைக்குக் கடலப் பாக்கணுமாம்."

"அதுக்கென்ன? ராமேசுவரம் போவோம். நம்ம விடுதி இருக்கு."

"அங்குட்டு வேணாமாம். கன்யாகுமரியும் வேணாமாம். நம்ம ஆளுக ஒருத்தருகூட இல்லாத எடமாப் பாக்கச் சொல்றாக."

எனக்கு அது விளங்கவில்லை. நகரத்தார் வீட்டில் பிறந்தவனுக்கு வெளியூரில் தங்குவது ஒரு பிரச்சினையே அல்ல. காசியானாலும் ராமேசுவரமானாலும் எங்கள் முன்னோர் ஒரு விடுதி கட்டி வைத்திருப்பார்கள். பையோடு போய் இறங்கி, எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகன் என்று சொன்னால் போதும், அறை திறந்துவிடுவார்கள். ஓட்டல் பார்த்துத் தங்கும் வித்தை எங்களுக்கு வராமல் போனதற்கு இந்த வசதிதான் காரணம். அதை ஒருத்தி வேண்டாம் என்கிறாள் என்றால் ஏதோ இருக்க வேண்டும்.

என் மனைவிக்கு அது விளங்கியிருந்தது. "விடுதிக்குப் போனா பத்து நிமிசத்துல யாரு மக, யாரு மருமகன்னு நூல் பிடிச்சிருவாக. 'அடடா, அவுக போய்ச் சேந்துட்டாகளா?'ம்பாக. அப்பறம் புள்ளியாகிப் போகும். மூணு நாளைக்கி அதக் கேக்காம இருக்கணும்னு பாக்குறாக," என்றாள்.

புள்ளியை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களில் ஆளை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவோம். கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு புள்ளி. எத்தனை பிள்ளை பெற்றாலும் புள்ளி ஒன்றுதான். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. கோயில் காரியம், ஊர்க் காரியம் எல்லாவற்றுக்கும் இந்த எண்ணிக்கைதான். இதில் யாரும் யாரையும் குறைத்துப் பேசுவதாக நினைப்பதில்லை. எண்ணுகிற முறை அது, அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பச்சி இறந்த வருஷம், கோயில் வேலைக்காகப் புள்ளி எழுத ஒருவர் வந்தார். வீட்டு முற்றத்தில் நின்று நோட்டைப் புரட்டி, "முன்னாடி ரெண்டு. இப்ப ஒன்றரைதானே?" என்று உரக்கக் கேட்டார். "ஆமா" என்றேன். உள்ளே ஆத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகுச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி கேட்க ஆரம்பித்தது. அந்த இடைவெளியை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

சரி, நம்மவர்கள் இல்லாத கடற்கரையாகத் தேட ஆரம்பித்தேன். பள்ளி நூலகத்தில் இருந்த பழைய ரயில்வே கைடு, வாரப் பத்திரிகை விளம்பரங்கள், உடன் வேலை பார்த்தவர்களின் வாய்வழிச் செய்தி இவற்றைக்கொண்டு நான்கு இடங்களைப் பொறுக்கினேன். மூன்று ஓட்டல்களுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். நான்காவது, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டிய ஒரு மீன்பிடி ஊரில் இருந்தது. நாகர்கோவில்காரர் ஒருவர் நடத்துவதாக விளம்பரம் தமிழிலேயே வந்திருந்ததால் அதற்குத் தமிழில் எழுதினேன். எல்லாம் ரிப்ளை கார்டுதான். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. சாயங்காலம் ஆனால் அவற்றைக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் ஆராய்ச்சி செய்வோம்.

ஆத்தாவுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம் இருந்தது.

"ஏப்பா, ஓட்டல்னா சாப்புடுற எடந்தானே? அதுல எப்பிடிப் படுக்குறது?"

"மாடியில ரூம் வச்சிருப்பாங்க ஆத்தா."

"கீழ சட்னி அரைக்கிற சத்தத்துல மாடியில தூக்கம் வருமா?"

ஓர் ஓட்டல்காரர் தம்முடைய அறைகள் கடலைப் பார்த்தவை என்று எழுதியிருந்தார். "அறை பாக்குறது இருக்கட்டும். நாம பாக்க முடியுமான்னு கேட்டு எழுது," என்றாள் ஆத்தா. இன்னொருவர் வெந்நீர் உண்டு, மின்விசிறி உண்டு, மேல்நாட்டு உணவு உண்டு என்று அடுக்கியிருந்தார். மேல்நாட்டு உணவு என்ற சொல்லோடு அவர் கதை முடிந்தது. மூன்றாமவர் மகாபலிபுரத்துக்காரர். கடலுக்கும் அறைக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு இருப்பதைப் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தார். "தோப்பத்தான் இங்கயே பாக்குறமே," என்றாள் என் மனைவி. நாலாவது கார்டில் நாலே வரிதான். கடலிலிருந்து கூப்பிடு தூரம், மாடியில் ஐந்து அறைகள், சைவச் சாப்பாடு, வரும் தேதியை எழுதவும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வெகு தூரம், மூன்று பஸ் மாற வேண்டும், மொழியும் பாதிதான் புரியும். மகாபலிபுரமே சரி என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த சமயத்தில், எங்கள் பள்ளி விஞ்ஞான ஆசிரியரின் மனைவி ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் திருவனந்தபுரம் பக்கம். ஆத்தா அவரை உட்கார வைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என்னிடம் வந்து, "அப்பு, அந்த நாலாவது எடத்துக்கே எழுதிரு," என்றாள்.

"அம்புட்டுத் தூரம் எதுக்கு ஆத்தா?"

"எழுதுன்னா எழுதேன்."

அதற்குமேல் பேச்சில்லை. நான் என் மனைவியிடம் போய்ப் புலம்பினேன். சன்னலா, சாப்பாடா, எதைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அங்குட்டுப் பொம்பளைக எல்லாரும் வெள்ளதேன் கட்டுவாகளாம். கல்யாணப் பொண்ணுகூட வெள்ளையாம். அந்த டீச்சர் வீட்டு அம்மாகிட்ட அயித்தை கேட்டதே அது ஒண்ணுதேன்."

ஆத்தா மூன்று வருஷமாக வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அது தூரத்திலிருந்தே சேதி சொல்லிவிடும். கோவளத்துப் பக்கம் அது வெறும் சேலை. நான் சன்னலையும் சவுக்குத் தோப்பையும் எடைபோட்டுக்கொண்டிருந்த நான்கு மாதமும், ஆத்தா பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். மூன்றே மூன்று நாள், யாரும் அவளை அரை என்று அறியாத ஓர் இடம். அன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றேன்.

மறுநாள் பள்ளியில் எனக்கு வகுப்பில்லாத நேரத்தில் இரண்டு கார்டுகள் எழுதினேன். ஒன்று எங்கள் கோயிலுக்கு, திருவிழாவுக்கு வருவது பற்றி. மற்றது ஓட்டலுக்கு, தேதி சொல்லி. பத்து நாளில் பதில் வந்தது: "தங்கள் கடிதத்தில் கண்டபடி எல்லா ஏற்பாடும் செய்து வைக்கிறோம்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன்.

கோடை விடுமுறையில், விடியுமுன் கிளம்பும் மதுரை பஸ்ஸில் ஏறினோம். ஒரு ஹோல்டால், ஒரு டிரங்குப் பெட்டி, தண்ணீர்க் கூஜா, புளியோதரை மூட்டை. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் இருக்கட்டும் என்று ஆத்தா தனியாக அவலும் வெல்லமும் எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் கேட்டவர்களிடம், பிள்ளைவரம் கேட்டு ஒரு கோயிலுக்குப் போகிறோம் என்று என் மனைவி துணிந்து ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டு எல்லோரும் நல்லபடி போய்வரச் சொன்னார்கள்.

நாகர்கோவிலில் பஸ் மாறும்வரை ஆத்தா முந்தானையை இழுத்து இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டே வந்தாள். வெளியில் வந்தால் அவள் கை அந்த வேலையைத் தானாகச் செய்யும். மார்த்தாண்டம் தாண்டியதும், பஸ் நின்ற இடமெல்லாம் வெள்ளை முண்டு கட்டிய பெண்கள் ஏறினார்கள். கிழவி, குமரி, கைப்பிள்ளைக்காரி, கழுத்து நிறைய நகை போட்டவள், எல்லோரும் வெள்ளை. ஒருத்தி ஆத்தாவை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஆத்தாவின் மடியிலேயே தன் கூடையைச் சாய்த்துவைத்தாள். ஆத்தா கூடையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கை முந்தானைக்குப் போகவே இல்லை. முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்த என் மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு, என் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஓடு வேய்ந்த மாடிக் கட்டடம், சுற்றித் தென்னை, கூப்பிடு தூரம் என்றது பொய்யில்லை, அலைச் சத்தம் வாசல்வரை வந்தது. நடுவயதுள்ள மேனேஜர் நெற்றியில் சந்தனத்தோடு ஓடிவந்து பெட்டியை வாங்கினார். எங்களை ஒரு தரம் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்தார்.

"குழந்தை எங்க சார்?"

"எந்தக் குழந்தை?"

"நீங்க எழுதியிருந்தீங்கல்லா?"

நான் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் மேசைக்குப் போய், கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்களில் தேடி என் கார்டை உருவிவிட்டார். எங்கள் மூவருக்கும் கேட்கும்படி படித்தார்: "'நாங்கள் ஒன்றரைப் புள்ளி வருகிறோம். கடலைப் பார்த்த சன்னல் அவசியம்.' புள்ளின்னா ஆளு, எங்க ஊர்லயும் பெரிய புள்ளின்னு சொல்லுவோம்லா. ஒண்ணுன்னா நீங்க. அரைன்னா அரை டிக்கட், குழந்தை. வீட்டுக்காரி கூட வருவாங்கன்னு நாங்களே யோசிச்சு எல்லாம் தயார் பண்ணிட்டோம்."

மூன்று கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதியபோது மூன்று பேர் என்றுதான் எழுதினேன். தமிழில் எழுத உட்கார்ந்ததும், அதுவும் கோயிலுக்கு எழுதிய கையோடு எழுதியதில், மூன்று பேர் ஒன்றரைப் புள்ளியாகிவிட்டார்கள். எழுதியது எனக்கு நினைவுகூட இல்லை. எழுத்து என்னுடையதுதான். இருநூறு மைலுக்கு அப்பால், எங்களை யாரும் அறியாத ஊருக்கு, ஆத்தாவுக்கு முன்னாலேயே அவளுடைய அரையைத் தபாலில் அனுப்பி வைத்திருக்கிறேன்.

மேனேஜர் விடாமல் எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். ஒரு பெரிய அறை. அதை ஒட்டி, கடல் பக்கம் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறையில், சன்னலோரமாக, நாலு பக்கமும் கம்பி வைத்த ஒரு மரத் தொட்டில்கட்டில் கிடந்தது. மேலே வெளுத்த விரிப்பு, ஒரு மரக்கிளி பொம்மை. "என் மகளோடது. இப்ப பெரிசாயிட்டா. வீட்லருந்து தூக்கியாரச் சொன்னேன்," என்றார். அந்த மனுஷரின் நல்ல குணம்தான் என்னை இன்னும் கொன்றது. நான் அந்தக் கிளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆத்தாதான் பேசினாள்.

"கொழந்த நாந்தேன் தம்பி."

மேனேஜர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், என் மனைவியின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கட்டிலை எடுக்க ஆள் கூப்பிட்டார். "இருக்கட்டும், மூட்டைய வைக்க ஆகும்," என்று ஆத்தா தன் அவல் மூட்டையை அதில் வைத்தாள். தனக்கு ஒரு பாய் போதும் என்றாள்.

மறுநாள் முழுக்க அவள் அந்த அறையை விட்டு வரவில்லை. தலைவலி என்றாள். பாயில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டுவந்த அவலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதில் கல்லே இல்லை, ஊரிலேயே பொறுக்கியதுதான். அவள் முதுகுக்குப் பின்னால், அத்தனை வருஷம் பார்க்காத கடல் சன்னல் நிறையக் கிடந்தது. என் மனைவி என்னைத் திட்ட வார்த்தை தேடி, கிடைக்காமல், "கணக்கு வாத்தியாரு!" என்று மட்டும் சொன்னாள். அதைவிட மோசமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

மத்தியானம் போல நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஆத்தா, தெரியாம எழுதிட்டேன். கைப்பழக்கம்."

"தெரியும் அப்பு. பழக்கந்தேன்." அவள் அவலைச் சுளகில் பரப்புவதுபோலத் தட்டில் பரப்பினாள். "அந்தப் பழக்கத்தத்தேன் மூணு நாளைக்கி ஊர்லயே விட்டுட்டு வரலாம்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, முப்பது வயது ஆம்பிளை, எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். எல்லாம் பாழாகிவிட்டது, நாளை பஸ் ஏற வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

விடிந்தபோது ஆத்தாவின் அறை காலியாக இருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. செருப்பு வாசலில் இருந்தது. நீச்சல் தெரியாதவள், கடலைப் பார்த்திராதவள், நேற்று முழுவதும் அறையை விட்டு வராதவள். மனைவியை எழுப்பாமல், மேல்சட்டைகூடப் போடாமல் மணலில் ஓடினேன்.

தூரத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் கவிழ்த்துப் போட்டிருந்தது. அதன் அருகே இரண்டு வெள்ளைச் சேலைகள். யார் ஆத்தா என்று எனக்கு உடனே தெரியவில்லை. கிட்டே போன பிறகுதான், இடது பக்கம் கடலைப் பார்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள் அவள் என்று தெரிந்தது. பக்கத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வலை பிரித்துக்கொண்டே பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை பிள்ளை, எந்த ஊர், என்ன சாப்பாடு என்று ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். நான் பின்னால் வந்து மூச்சு வாங்க நின்றபோது அவள் கேட்டாள்:

"புருசன் வரல்லியோ அம்மா?"

ஆத்தா கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"கப்பல்ல போயிருக்காக."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் ஊரில் அது நித்தியம் நடப்பது, அதில் கேட்க ஒன்றும் இல்லை. வலையைப் பிரிப்பதில் இறங்கிவிட்டாள். ஆத்தாவின் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. முப்பது வருஷம் எப்படிச் சொன்னாளோ அப்படியே இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்த அடிகளிலேயே பின்னால் நடந்து, தென்னை மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

சற்று நேரத்தில் ஆத்தா எழுந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். எங்களில் கடலில் கால் வைத்தால் முதலில் கையில் நீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வோம். அவள் அதைச் செய்யவில்லை. கும்பிடவும் இல்லை. அலை திரும்பும்போது காலடி மணலை இழுத்ததும், "ஆத்தாடி!" என்று கத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பின்னாலேயே தேடிக்கொண்டு ஓடிவந்த என் மனைவி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளும் போய் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வெயில் ஏறும்வரை இருவரும் கரைக்கு வரவில்லை.

மிச்சமிருந்த ஒன்றரை நாளும் ஆத்தா அறைக்குள் தங்கியது குறைவு. மேனேஜர் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவள் அவருக்கு அவலில் வெல்லப் பாகு ஊற்றிச் செய்து கொடுத்தாள். கிளம்பும்போது மரக்கிளியைத் துடைத்து அவர் கையில் கொடுத்து, "ஒங்க மகளுக்குப் பேரன் பேத்தி பொறக்குறவரைக்கும் பத்திரமா வைங்க," என்றாள். வரும் வழியில், மார்த்தாண்டம் தாண்டியதும், அவள் கை முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தியது. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கோயிலிலிருந்து கார்டு வந்தது. வழக்கமான கார்டுதான்: உங்கள் வீட்டில் புள்ளி எத்தனை? நான் கூடத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. ஆண்டுதோறும் எழுதியதுதான், ஆனால் அந்த எழுத்தை உரக்கப் படித்த குரல் இன்னும் காதில் இருந்தது. ஆத்தா எதிரில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை?"

"கோயில்லருந்து புள்ளி கேட்டிருக்காக."

சுளகுச் சத்தம் நின்றது.

"எழுது. இங்குட்டு ஒன்றரைதேன்," என்றாள். ஒரு கை உமியை ஊதிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அங்குட்டுத்தேன் ரெண்டு."

மணலில் அவள் முதுகுக்குப் பின்னால் நான் நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் என் மனைவியும் ஒன்று. அவளும், கப்பலில் போனவரும் ஒன்று. கூட்டினால் இரண்டுதான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. சுளகுச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. நான் ஒன்றரை என்று எழுதி, கார்டைக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.